வெறும் பிரஸ் வேலையா?



டிப்ளமோவில் சேர்ந்த புதிதில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார், "என்னப்பா படிக்கிறே?"

"அச்சுத் தொழில்நுட்பம் தாத்தா."

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் வேலையா? அதுக்கா உங்கப்பன் மூட்டை தூக்குன காசைக் கொண்டுபோய்க் கட்டுறே?"

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அன்று பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து வந்துவிட்டேன். இன்று சொல்கிறேன்.

பதிலைக் கற்றுத் தந்தவர் ஓனொரே டோமியே என்னும் பிரெஞ்சு ஓவியர். 1808இல் மார்செய் நகரில் பிறந்தவர். அப்பா கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. வீட்டில் கஷ்டம். சிறுவயதிலேயே பாரிஸ் நகரில் கோர்ட் ஆமீனாவிடம் எடுபிடிப் பையன், பிறகு புத்தகக் கடையில் வேலை. அதன்பின் கற்றதுதான் கல்லச்சு.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் படம் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். வரைந்த கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். நம்ம ஒர்க்ஷாப் ஆப்செட் மெஷினும் இதே தத்துவம்தான்! கல்லுக்குப் பதில் அலுமினிய பிளேட்.

அந்தக் கல்லை வைத்து டோமியே என்ன செய்தார் தெரியுமா? ஏழைகள் கூடை கூடையாகச் சுமந்துவரும் காசை விழுங்கும் பெருந்தீனிக்காரனாக மன்னர் லூயி பிலிப்பையே வரைந்தார். விளைவு, 1832இல் 6 மாதச் சிறைத் தண்டனை. அப்போது அவருக்கு வயது 24தான். என்னைவிட 6 வயது மூத்தவர்!

சிறைக்குப் போய் வந்தவர் அடங்கினாரா? இல்லை. 1834 ஏப்ரலில் பாரிசின் டிரான்ஸ்நொனேன் தெருவில், ஒரு வீட்டுக்குள் புகுந்த படையினர் அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். டோமியே வரைந்த படத்தில் துப்பாக்கியும் இல்லை, சிப்பாயும் இல்லை. இரவு உடையில் ஒரு தொழிலாளி கட்டிலோரம் செத்துக் கிடக்கிறான். அவன் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை.  அரசு அந்தப் பிரதிகளைத் தேடித்தேடிக் கைப்பற்றியது. வெறும் பிரஸ் வேலைக்கு ஏன் அத்தனை பயம்?

அவர் எண்ணெய் வண்ண ஓவியங்களும் தீட்டினார். 'மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி' இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய், கூடையோடு ஒரு கிழவி, பக்கத்தில் தூங்கும் பையன். தினமும் பாசஞ்சர் வண்டியில் வருகிற எனக்கு, அந்தக் கிழவி எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது! ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் அவரை ஓவியராக மதித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். "பத்திரிகைக்குப் படம் போடுகிறவர்" என்பதுதான் பெயர். 1878இல்தான் அவருடைய ஓவியங்களுக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது. அதற்குள் கண்பார்வை போய்விட்டது. மறு ஆண்டே இறந்தார்.

"ஐயோ, வாழ்நாளைக் கல்லில் வீணாக்கினாரே" என்று சிலர் வருந்துவதுண்டு. வயிற்றுப்பாட்டுக்காகத்தான் அவர் வாராவாரம் கல்லில் வரைந்தார் என்பது உண்மையே. ஆனால் வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓர் ஓவியம் ஒரு பணக்காரர் வீட்டுச் சுவரோடு நின்றுபோகும். அச்சிட்ட தாளோ கடை ஜன்னலில் தொங்கும், கைமாறும், காசில்லாதவனும் நின்று பார்த்துச் சிரிப்பான், கோபப்படுவான். சுமார் 4,000 கல்லச்சுப் படங்கள்! அவற்றைக் கல்லிலிருந்து தாளுக்கு எடுத்தவர்கள் பெயர் தெரியாத தொழிலாளிகள். நம்மைப் போன்றவர்கள். அவர்கள் கை இல்லாவிட்டால் டோமியேயின் கோபம் கல்லோடு கல்லாகவே கிடந்திருக்கும்.

1870இல் அரசு கொடுக்க முன்வந்த உயரிய விருதையும் அவர் வேண்டாம் என்றார். வேலையின் மதிப்பு தெரிந்தவருக்குப் பதக்கம் எதற்கு?

நண்பர்களே, "டிப்ளமோ தானே" என்று யாராவது சொன்னால் நாம் ஏன் கூனிக் குறுக வேண்டும்? கையில் கறை படிகிற வேலை கீழான வேலை அல்ல. அந்தக் கையால் எதைச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

தெருப் பெரியவரை அடுத்த முறை பார்க்கும்போது சொல்வேன்: "ஆமாம் தாத்தா, பிரஸ் வேலைதான்!"

— மூன்றாமாண்டு மாணவன், அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு