கட்டாயத்தில் சமைத்தவரும் குற்றவாளியா?

வீட்டில் உம்மா சமைப்பதையும் உடுப்புக் கழுவுவதையும் ஒரு வேலையாகவே நாம் கணக்கெடுப்பதில்லை. ஆனால் ஒரு பெண் சமைத்ததும் கழுவியதும் பயங்கரவாத அமைப்புக்குச் செய்த உதவி என்று அமெரிக்காவில் தீர்ப்பாகியிருக்கிறது.

1990இல் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர். கெரில்லாக்கள் அப்பெண்ணைக் கடத்தினார்கள். இராணுவ சார்ஜன்ட்டான அவரது கணவர் தன் புதைகுழியைத் தானே தோண்டியதையும், பின் கொல்லப்பட்டதையும் அவர் பார்க்க வைக்கப்பட்டார். அதன் பின் அவர்களுக்குச் சமைக்கவும் துப்புரவு செய்யவும் உடுப்புக் கழுவவும் கட்டாயப்படுத்தப்பட்டார். பல வருடங்கள் கழித்து அமெரிக்காவில் புகலிடம் கேட்டார். 2018 ஜூனில் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை, கட்டாயத்தால் செய்தாலும் அது உதவியே என்றது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் பேரில் நாடு கடத்தல் ஒத்திவைக்கப்பட்டது, புகலிடம் கிடைக்கவில்லை.

குற்றவியல் சட்டம் இவ்வளவு கடுமையானதல்ல. எமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையைப் பாருங்கள். உடனே உயிர் போகும் என்ற நியாயமான அச்சத்தில், மிரட்டலுக்குப் பணிந்து செய்த செயல் குற்றமாகாது. கொலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தானாகவே அந்த நிலைக்குள் போய் விழுந்தவருக்கும் இல்லை. இஸ்லாத்திலும் நிர்ப்பந்தம் கவனிக்கப்படுகிறது. சித்திரவதையில் நாவால் மட்டும் மறுத்த அம்மார் இப்னு யாசிர் (ரழி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே.

"இதற்கு இடம் கொடுத்தால் எல்லோரும் 'என்னை வற்புறுத்தினார்கள்' என்பார்களே" எனச் சிலர் கேட்கலாம். கொடுமை செய்தவர்களும் அப்படிச் சொல்வார்கள்தான். ஆனால் மிரட்டல் எவ்வளவு கடுமையானது, தப்ப வழி இருந்ததா, செய்த செயலால் யாருக்கு என்ன தீங்கு என்று குற்றவியல் நீதிமன்றங்கள் விசாரித்தே முடிவெடுக்கின்றன. குடிவரவு நீதிபதியாலும் அது முடியும். பொய்யர்கள் இருப்பார்கள் என்பதற்காகக் கேள்வியையே கேட்காமல் விடுவது நீதியல்ல.

அரசு விரும்பினால் விதிவிலக்கு அளிக்கலாம் என்பது இன்னொரு பதில். அது அதிகாரியின் தயவு. தயவு இன்று கிடைக்கும், நாளை கிடைக்காது. நீதிபதியின் முன் நின்று தன் நியாயத்தைச் சொல்வது உரிமையாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

"அன்று உங்களால் மறுத்திருக்க முடியுமா?" அப்பெண்ணிடம் சட்டம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அவர் சொல்லும் விடைக்குத் தீர்ப்பை மாற்றும் பலமும் இருக்க வேண்டும்.