கரண்டி பிடிக்கும் கை ராடும் பிடிக்கலாம்!

செல்போனைத் தேய்த்துத் தேய்த்தே விரல்கள் களைத்துப்போகும் காலம் இது. ஞாயிற்றுக்கிழமையாவது கைக்கு வேறு வேலை கொடுக்க நினைப்பவர்கள் இரண்டைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று, காரசாரமான சமையல். இன்னொன்று, வெல்டிங். 'ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இரண்டுமே நெருப்போடு பழகும் வித்தை. கண், காது, மூக்கு மூன்றும் விழித்திருக்க வேண்டும்.

முதலில் அடுப்படி. பாக்கெட் மசாலாவை ஒதுக்கிவிட்டு மிளகுக் கோழி செய்து பாருங்கள். அரைக் கிலோ கோழிக்கு மல்லி 2 டேபிள்ஸ்பூன், மிளகு 1 டேபிள்ஸ்பூன், சீரகம், சோம்பு தலா 1 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 6, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, கல்பாசி கொஞ்சம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். சிறு தீயில் தனித்தனியாக வறுத்து, வாசனை எழுந்ததும் இறக்குங்கள். கருகிய மசாலாவின் கசப்பை எதை ஊற்றினாலும் மறைக்க முடியாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள்.

அடுத்து பட்டறை. தொடங்குபவர்களுக்கு 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள சாதாரண இரும்புப் பட்டையும், 2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 ராடும் போதும். மெஷினில் 70 முதல் 80 ஆம்பியர் வைத்து, தீக்குச்சி உரசுவதுபோல ராடை இரும்பில் உரசினால் பொறி பிடிக்கும். பிறகு ராடின் தடிமன் அளவு இடைவெளி விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெயில் வடை பொரிவது போன்ற சீரான சத்தம் கேட்டால் கை சரியாகப் போகிறது என்று அர்த்தம். முதல் நாள் ராடு அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஆனால், கண் விஷயத்தில் விளையாட்டு கூடாது. வெறும் கண்ணால் அந்த ஒளியைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல வலிக்கும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இதே கதிதான். அதனால் ஷேடு 10 கண்ணாடி உள்ள ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ கட்டாயம். நைலான், பாலியஸ்டர் உருகி உடம்பில் ஒட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைத் தொடவே வேண்டாம். அதன் புகை குளிர்காய்ச்சல் தரும். ஈரத் தரையும் ஆபத்து. முதல் சில நாட்கள் தொழில் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு கரண்டியை மகனிடம் கொடுங்கள். கல்லூரி போகும் மகளைப் பக்கத்துப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். குழம்பில் உப்பு கூடலாம், பூந்தொட்டி ஸ்டாண்டு கோணலாக நிற்கலாம். இருந்தாலும் 'இதை நான் செய்தேன்' என்று சொல்லும்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சம் எந்த ரீல்ஸிலும் கிடைக்காது!