ஒயிலை வீட்டில் மாற்றலாம், கானில் ஊற்றலாமா?

கொடகவெல ஊர் உறவுகளே,

போன கிழமை பாடசாலை விட்டு ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் வந்து, தான் பார்த்த வீடியோ ஒன்றைப் பற்றிச் சொன்னான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, தானே எஞ்சின் ஒயில் மாற்றுகிறாராம்.

"நாங்களும் வாப்பாட த்ரீவீலுக்கு வீட்டிலதான் சேர் மாத்துற" என்றான் பெருமையாக.

"பழைய ஒயிலை என்ன செய்வீங்க?" என்று கேட்டோம்.

"கான்ல ஊத்துவோம் சேர்."

அவனை ஏச எங்களுக்கு வாய் வரவில்லை. நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கார் இறக்குமதி மீண்டும் தொடங்க 2025 ஆகிவிட்டது. 2022 இல் எண்ணெய் வரிசையில் நாட்கணக்காக நின்றோம். இருக்கிற பழைய வாகனத்தைக் காப்பாற்றினால்தான் பிழைப்பு என்ற நிலை. சர்விஸ் கூலியை மிச்சம் பிடிக்க எங்கள் வீட்டிலும் பைக்குக்கு நாங்களே ஒயில் மாற்றப் பழகினோம். அது கஷ்டமான வேலையும் இல்லை. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, அடி நட்டைக் கழற்றி வடியவிட்டு, வொஷரைப் பார்த்து இறுக்கி, அளவாகப் புது ஒயில் ஊற்றினால் சரி.

வடித்ததை வேலியோரம் ஊற்றினோம். இரண்டு நாள் மழை பெய்தது. கீழ் வீட்டு ராத்தா வந்து, "சேர், எங்கட கிணத்துத் தண்ணி மேல என்னமோ கலர் கலராப் படருது" என்றார். அவர் சண்டைக்கு வரவில்லை. என்ன என்று தெரியாமல்தான் கேட்டார். எங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்று பட்ட வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு பைக்கில் வடிவது ஏறத்தாழ 1 லீற்றர், சிறிய காரில் 3 லீற்றர். பெரிய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் 8 லீற்றருக்கு மேல். ஒரு வாகனத்தில் ஒரு முறை மாற்றும் ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். பழைய ஒயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கழிவும் கலந்திருக்கும். மண்ணில் ஊற்றினால் அது இலேசில் அழிந்து போகாது.

ஒயில் நிலத்தடி நீரில் கலந்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மக்களிடம் கேட்க வேண்டும். அங்கே மின் நிலையமொன்றின் கழிவு ஒயிலால் கிணறுகள் கெட்டன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது பெரிய நிலையம், எங்களுடையது ஒரு போத்தல்தானே என்று சொல்லலாம். ஆனால் எத்தனை த்ரீவீல், எத்தனை பைக் நம் ஊரில் ஓடுகின்றன? நம் கான்கள் ஓடையில் விழுகின்றன, ஓடைகள் வளவை கங்கைக்குப் போகின்றன. வழியில் கிணறு உண்டு, லயத்துப் பிள்ளைகள் குளிக்கும் பீலி உண்டு, வயல் உண்டு.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று மத்ரஸாவில் ஓதியவர்கள் நாம். வுழூவுக்குத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே தண்ணீரில் ஒயிலை ஊற்றிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது?

வீட்டில் மாற்ற வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூலி மிச்சமாவது நல்லதுதான், பிள்ளைகள் தொழில் பழகுவதும் நல்லதுதான். வடித்த ஒயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். தண்ணீரோ பெற்றோலோ அதில் கலக்க வேண்டாம். கையுறை போடுங்கள். கேன் நிறைந்ததும், பழைய ஒயில் சேர்த்து விற்கும் கராஜில் கொடுங்கள்.

ஊராக ஒரு வேலையும் செய்யலாம். த்ரீவீல் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு பீப்பாய் வைப்போம். கழிவு ஒயில் 2008 ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. ஆகவே மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரே வந்து எடுக்க வேண்டும். பீப்பாய் எங்கே, எப்படி வைப்பது என்று த்ரீவீல்கார சகோதரர்களும் பள்ளி நிர்வாகமும் விகாரை, கோவில் பெரியவர்களும் சேர்ந்து பிரதேச சபையிடம் பேசினால் நடக்காதா என்ன? முதல் பீப்பாயின் செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம்.

யார் யார் சேர்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த மாணவனின் வாப்பாவும் இதை வாசிப்பார் என்று நம்புகிறோம். அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றுதான்.