டேட்டாபேஸ் கனெக்ஷனும் விஞ்ச் சீட்டும்



பி.காம். படிக்கிற பையனுக்கு டேட்டாபேஸ் கனெக்ஷன் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது கம்ப்யூட்டர் கணக்கு மாதிரி தெரிந்தாலும், அடிப்படையில் வியாபாரக் கணக்கு. அதனால் எனக்கும் இதைப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தவிர, சூடு பட்டவன் நான்.

என் தாய்மாமா பழனி அடிவாரத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார். 32 ரூம். ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் கற்றுக்கொண்டு அவருக்கு ஒரு புக்கிங் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாதாரண நாளில் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், அழகாக ஓடியது. மாமாவுக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க மாப்ள எழுதுனது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு தைப்பூசம் வந்தது. தைப்பூசத்துக்குப் பழனியில் ரூம் கிடைப்பது எப்படி என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "சாயங்காலம் 7 மணிக்கு புக்கிங் திறக்கும்" என்று மாமா வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அது எத்தனை குரூப்புக்குப் போனதோ, முருகனுக்குத்தான் தெரியும். 7 மணி 2 நிமிடத்துக்குப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கனெக்ஷன் வரம்பைத் தாண்டிவிட்டது என்று. அதற்குக் கீழே டேட்டாபேஸின் யூசர் பெயரும் பளிச்சென்று! மாமா போனில், "மாப்ள, சைட்டு செத்துப் போச்சுடா" என்றார். அரை மணி நேரம் போராடிவிட்டு, போனிலேயே புக்கிங் எடுக்கச் சொல்லிவிட்டேன். போன் லைன் கிடைத்தவர்களுக்கு ரூம் கிடைத்தது.

அது வெறும் மானக்கேடாகப் போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். தைப்பூசத்துக்கு முந்தின இரவு, காரைக்குடிப் பக்கம் இருந்து நடந்தே வந்த ஒரு குடும்பம் லாட்ஜ் வாசலில் நின்றது. கூட ஒரு பாட்டி, கால் முழுக்கக் கொப்புளம். "கம்ப்யூட்டர்ல போட்டோம் தம்பி, என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு. பதிவாயிருச்சுன்னு நெனச்சோம்" என்றார்கள். ரூம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. வராந்தாவில் பாய் விரித்துக் கொடுத்தோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சரி, தப்பு எங்கே?

ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டேன். "உங்க பிளானில் ஒரே நேரத்தில் 25 கனெக்ஷன்தான் சார், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார்கள். தெரிந்த அண்ணன்களும் அதையேதான் சொன்னார்கள். பணம் கட்டத் தயாராகிவிட்டேன். அதற்கு முன் என் ஸ்கிரிப்ட்டை ஒரு தடவை ஒழுங்காகப் படித்தேன்.

நான் எழுதியிருந்தது இதுதான். முதல் வரியிலேயே கனெக்ஷனைத் திறக்கிறேன். வந்தவரின் போன் நம்பரை எழுதுகிறேன். அவருக்கு ஓ.டி.பி. அனுப்பச் சொல்லி எஸ்.எம்.எஸ். கம்பெனியின் சர்வரைக் கூப்பிடுகிறேன். அது பதில் சொல்லும் வரை காத்திருக்கிறேன். பதில் வந்ததும் "அனுப்பியாச்சு" என்று குறித்துவிட்டு மூடுகிறேன். சாதாரண நாளில் அரை நொடியில் வரும் பதில், அன்றைக்கு 30 நொடி எடுத்தது. அந்த 30 நொடியில் டேட்டாபேஸுக்கு இருந்த வேலை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி நேரமெல்லாம் கனெக்ஷன் சும்மா திறந்து கிடந்தது.

எங்கள் ஊர் விஞ்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966ல் இருந்து மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2004ல் ரோப் காரும் வந்துவிட்டது. இத்தனை கூட்டத்துக்கும் ஆளுக்கொரு பெட்டியா செய்து வைத்திருக்கிறார்கள்? மேலே போனதும் இறங்குகிறோம், அந்த இடத்தில் அடுத்த ஆள் உட்காருகிறார். ஒரு ஆள் மேலே போய் இறங்கும்போது, "திரும்பி வரும்போது வேணும்" என்று சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு தரிசனத்துக்குப் போனால் என்ன ஆகும்? எல்லோரும் அப்படிப் போட்டால்? பெட்டி காலியாக ஏறி இறங்கும், கீழே வரிசை பஸ் ஸ்டாண்ட் வரை நிற்கும். என் ஸ்கிரிப்ட் செய்தது அதைத்தான். துண்டு போட்டுவிட்டு எஸ்.எம்.எஸ். தரிசனத்துக்குப் போய்விட்டது.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961ல் நிரூபித்தது. நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அதை ஒவ்வொருவரும் எத்தனை நொடி இருக்கிறார்களோ அதனால் பெருக்கினால், சராசரியாக உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று வரும். நொடிக்கு ஒருவர் வந்து, 30 நொடி பிடித்து வைத்தால் 30 கனெக்ஷன் வேண்டும். எனக்கு இருந்ததோ 25. அதே ஆள் 0.2 நொடியில் விட்டுவிட்டால்? சராசரிக்கு ஒரு கனெக்ஷன்கூட முழுசாக வேண்டாம்!

காமர்ஸ் பையன்களுக்கு இது புதுசா என்ன? சரக்குச் சுழற்சி விகிதம் என்று முதல் வருடமே படிக்கிறோம். எவ்வளவு முதல் போட்டாய் என்பதைவிட அது வருடத்தில் எத்தனை தடவை புரண்டது என்பதுதான் கடையைக் காப்பாற்றும். காசு கல்லாவில் தூங்கினால் எவ்வளவு முதல் போட்டாலும் பத்தாது. கனெக்ஷனும் அப்படியே. ஆகவே என் கட்சி இதுதான்: எத்தனை கனெக்ஷன் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், ஒன்றை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வதும் எனக்குத் தெரியும்.

"ஸ்கிரிப்ட் முடிந்ததும் பி.எச்.பி. தானாகவே கனெக்ஷனை மூடிவிடுமே?" உண்மைதான், மூடிவிடும். ஆனால் ஸ்கிரிப்ட் எப்போது முடியும்? அதுதானே பிரச்சினை. எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட் இன்னும் முடியவில்லை.

"நிரந்தரக் கனெக்ஷன் போட்டால் வேகமாக இருக்குமே?" அதாவது பக்கம் முடிந்தாலும் மூடாமல், அடுத்த பக்கத்துக்கு வைத்துக்கொள்வது. திறக்கிற செலவு மிச்சமாகும், சரி. ஆனால் பழைய முறையில் ஓடும் அபாச்சி, தானாக வரும் அமைப்பில் 256 வேலையாட்கள் வரை வைத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் தானாக அனுமதிப்பது 151 கனெக்ஷன். ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டால் கூட்ட நாளில் கதை அங்கேயே முடிந்தது. போதாததற்கு, சும்மா கிடக்கும் கனெக்ஷனை மைஎஸ்க்யூஎல் தானாக வெட்டுவதற்கு 28,800 நொடி ஆகும். எட்டு மணி நேரம்!

"வரம்பை ஏற்றிவிட்டால் போச்சு!" ஒவ்வொரு கனெக்ஷனும் மெமரி கேட்கும். உள்ளே இருக்கும் டிஸ்க்கும் பிராசசரும் அதே பழையதுதான். வாசலில் நின்ற கூட்டத்தைச் சன்னதிக்குள் விட்டால் தரிசனம் வேகமாகிவிடுமா? ஜாவாக்காரர்கள் நிறையப் பேர் பயன்படுத்தும் ஹிகாரி என்ற கனெக்ஷன் தொகுப்பில், தானாக வரும் உச்ச அளவு வெறும் 10தான். திருப்பித் திருப்பிக் கொடுத்து வாங்குவதால் பத்தை வைத்துக்கொண்டே பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடிகிறது.

பெரிய இடத்துக் கதையையும் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. தளம் தட்கல் நேரத்தில் திணறியதை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். 2014ல் புதிய அமைப்பு கொண்டுவந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்று இருந்ததை 7,200 ஆக்கினார்கள். அதோடு விட்டார்களா? 2015 ஜூனில் ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று கூட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். இன்னொன்று, நாம் பேங்க் பக்கத்தில் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருக்கும்போது அங்கே பெர்த் நமக்காகக் காத்திருப்பதில்லை. பணம் வந்த பிறகுதான் பதிவு. பணம் போய், டிக்கெட் வராமல், பிறகு பணம் திரும்பி வரும் எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பேங்க் பதிலுக்குக் காத்திருக்கும் எல்லோருக்கும் பெர்த்தைப் பிடித்து வைத்திருந்தால், பணமே கட்டாமல் போகிறவர்களுக்காக ரயில் பாதி பூட்டிக் கிடக்கும். வெளியாளுக்குக் காத்திருக்கும்போது உள்ளே இருப்பதைப் பிடித்து வைக்காதே. அவ்வளவு பெரிய தளத்துக்கே இந்த விதி என்றால் 32 ரூம் லாட்ஜுக்கு?

நான் செய்த மாற்றம் சின்னதுதான். கனெக்ஷனைத் திறந்ததும் நம்பரை "அனுப்ப வேண்டியவை" பட்டியலில் எழுதி, உடனே மூடிவிடுகிறேன். எஸ்.எம்.எஸ். அனுப்புவது தனியாக ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட்டின் வேலை. அதுவும் அனுப்பும்போது கனெக்ஷனைக் கையில் வைத்திருக்காது, ஐந்து நொடிக்கு மேல் பதிலுக்குக் காத்திருக்கவும் செய்யாது. ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் புதுசாகத் திறந்துகொண்டிருந்ததை எடுத்துவிட்டு, ஒரே ஃபைலில் ஒரே இடத்தில் திறக்கும்படி மாற்றினேன். கனெக்ஷன் கிடைக்காவிட்டால் ஆங்கில வரி வராது. "உங்கள் ரூம் இன்னும் பதிவாகவில்லை, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று பெரிய எழுத்தில் தமிழில் வரும். உண்மையான பிழை என் லாக் ஃபைலுக்கு மட்டும் போகும்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். கனெக்ஷன் என்றைக்காவது தீரத்தான் செய்யும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் தீரும். அப்போது எதிரே இருக்கும் ஆளுக்கு ரூம் உண்டா இல்லையா என்று அவருடைய மொழியில் தெரிய வேண்டும். அது தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் முதல் நாளே வேறு இடம் பார்த்திருக்கும்.

பெரிய பிளானுக்கு இன்னும் மாறவில்லை, அதே 25தான். வீட்டிலேயே சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, நொடிக்கு ஐந்து பேர் வருவது மாதிரி தட்டிப் பார்த்தேன், மூன்று நான்குக்கு மேல் போகவில்லை. ஆனாலும் அடுத்த தைப்பூசம் வரை மாமா என்னை முழுசாக நம்ப மாட்டார். போன் லைனையும் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் சரிதான்.

நீங்களும் இப்படி ஏதாவது எழுதி வைத்திருந்தால், இன்று ராத்திரி அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். கனெக்ஷன் திறக்கும் வரிக்கும் மூடும் வரிக்கும் நடுவில் எஸ்.எம்.எஸ்., மெயில், பேங்க், பி.டி.எஃப். என்று ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா? இருந்தால் முதலில் அதை வெளியே தூக்கிப் போடுங்கள். பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.