மெதுவாக என்றால் எத்தனை கிலோமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மழைவெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. முட்டுக்காட்டில் 1984 முதல் படகுச் சவாரி நடக்கிறது. இந்தக் கால்வாயோ 2008-இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதி. வருங்காலத்தில் இங்கே படகுகள் கூடுமே தவிரக் குறையாது.

அண்மையில் ஓர் உப்பங்கழியில் ஸ்பீடு போட்டில் போனேன். படகுத்துறையில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைத்திருந்தார்கள். என்ன வேகத்தில் போகிறோம் என்று ஓட்டுநரிடம் கேட்டதற்கு, “எல்லாம் கைக்கணக்குதான் சார்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படகில் வேகமானி இல்லை. பலகையில் எண்ணும் இல்லை. அளக்க வழி செய்யாமல் மெதுவாகப் போ என்றால் அதற்குப் பெயர் கட்டுப்பாடா?

செல்போன் ஜிபிஎஸ் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது காட்டுவது தரையை ஒட்டிய வேகம். மழைக்காலத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெள்ளம் வடியும்போது, எதிர்த்துப் போகும் படகுக்கு ஜிபிஎஸ் 10 என்று காட்டினால், அது தண்ணீரைக் கிழிப்பது 13 கிலோமீட்டர் வேகத்தில். கரையை அரிப்பதும், இடுப்பளவு நீரில் இறால் தடவுபவரைத் தள்ளுவதும் அந்த 13 எழுப்பும் அலைதான். கரையிலிருந்து பிடிக்கும் ரேடார் துப்பாக்கியையும் அப்படியே நம்ப முடியாது. படகு போகும் திசைக்கு 60 பாகை சாய்வாகப் பிடித்தால் பாதி வேகத்தையே காட்டும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நேரான இடத்தில் 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களை நடுங்கள். அந்தத் தூரத்தை 72 விநாடியில் கடந்தால் மணிக்கு 10 கிலோமீட்டர். இன்ஜினை ஒரே நிலையில் வைத்துப் போக ஒரு முறையும் வர ஒரு முறையும் ஓட்டி, இரண்டு வேகங்களின் சராசரியை எடுத்தால் நீரோட்டத்தின் பங்கு கழிந்துவிடும். (நேரங்களைச் சராசரி எடுத்தால் கணக்கு தப்பும்.) ஒவ்வொரு படகுக்கும் இப்படி அளந்து, எத்தனை ஆர்பிஎம்மில் எவ்வளவு வேகம் என்று ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவைக்கலாம்.

வெனிஸ் நகரக் கால்வாய்களில் அலை கட்டடங்களை அரிக்கிறது என்று கேமரா வைத்துப் படகு வேகத்தைக் கண்காணிக்கிறார்கள். இங்கிலாந்தின் கால்வாய்களில் வரம்பு மணிக்கு 4 மைல். நம் நாட்டிலோ, 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் சோதனை ஓட்டத்திலிருந்த கடற்படை வேகப்படகு, எலிஃபெண்டாவுக்குப் போன பயணிகள் படகில் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேகப்படகும் பயணிகள் படகும் ஒரே நீரில் ஓடும் எல்லா இடத்துக்கும் அது எச்சரிக்கை.

படகுகளைப் பதிவுசெய்யவும் ஆய்வுசெய்யவும் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. அந்த ஆய்வோடு இந்த வேக அளவீட்டையும் சேர்க்க வேண்டும். வரம்பு எத்தனை கிலோமீட்டர், அது நீரை ஒட்டிய வேகமா தரையை ஒட்டியதா என்பதை ஒவ்வொரு படகுத்துறையிலும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தமிழக அரசு இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளிக்கரணை, சென்னை-100