மாடறியும் மாணவர்

'மாடு' என்னுஞ் சொல்லைச் செல்வம் என்னும் பொருளிலும் வழங்கிய இனம் தமிழினம். தொல்காப்பிய மரபியல், விலங்குகளின் இளமைப் பெயரையும் ஆண்பாற் பெயரையும் பெண்பாற் பெயரையும் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. பெற்றத்தின் பெண்ணை 'நாகு' என வழங்கியவர்தம் வழித்தோன்றல்களுள், இன்று கிடாரி எது, சேங்கன்று எது எனக் கூற வல்ல மாணவர் எத்துணைப் பேர்?

2017 சனவரியில் ஏறுதழுவலைக் காக்கச் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். உடனே தமிழகச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. 2023 மே 18-இல் உச்ச நயன்மன்றமும் அதனை ஏற்றது. அது பெருவெற்றியே. ஆயினும், காளைக்காகக் குரலெழுப்பிய இளைஞனுக்கு நல்ல காளை எது எனத் தேரத் தெரியாதாயின், அவ் வெற்றி அரைவெற்றியே. பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பவன் கையிலன்றோ இனத்தின் நாளைய வாழ்வு இருக்கின்றது!

1928-இல் தோன்றிய அமெரிக்க வருங்கால உழவர் அமைப்பு, மாணவர்க்குக் கால்நடை மதிப்பீட்டுப் போட்டி நடத்துகின்றது. நான்கு விலங்குகளை ஒருங்கே நிறுத்துவர். மாணவர் அவற்றை நோக்கித் தரவரிசைப்படுத்தல் வேண்டும். பின்னர் நடுவர்முன் நின்று, தாளைப் பாராமல், ஏறத்தாழ இரண்டு நிமையத்துள் தம் முடிவுக்குக் கரணியங் கூறல் வேண்டும். வரிசைக்கு மட்டுமன்றிக் கரணியத்தின் தெளிவுக்கும் மதிப்பெண் உண்டு. கூர்ந்து நோக்கல், ஒப்பிடல், துணிதல், துணிந்ததை நிறுவல் என்னும் இந்நான்குமே தலைமைக்கு அடிப்படை. பிறர் முடிவுக்குத் தலையாட்டிப் பழகியவன் தலைவனாகான்.

இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் கூடும் மாட்டுச் சந்தைகளில், பல்லைப் பார்த்து அகவை சொல்லும் முதியோர் உளர். முதலிணை நிலைப்பல் ஏறத்தாழ ஈராண்டில் முளைக்கும். எட்டும் நிறைய நான்காண்டுக்கு மேலாகும். காங்கயம் மாட்டை மயிலை, பிள்ளை, செவலை, காரி என நிறத்தாற் பிரிப்பர். சேற்றுழவுக்கேற்ற குட்டை உம்பளச்சேரியையும், செந்நிறத்தில் வெண்டிட்டுப் படர்ந்த மலைமாடாகிய பர்கூரையும் தொலைவிலேயே அறிவர். ஆனால், துண்டின்கீழ் விரல் பிடித்து விலை பேசும் சந்தையில், கரணியம் வாய்திறந்து சொல்லப்படுவதில்லை. எனவே இளையோர்க்கு அவ்வறிவு எட்டவில்லை. முதியோர் மறையின் அறிவும் மறையும். அதனோடு சொற்களும் மறையும். சுழி பார்த்துக் குடிகெடும் என்னும் மடமை மட்டும் மறையட்டும். பல்லும் குளம்பும் நடையும் மடியும் பார்க்கும் அறிவு நிலைக்கட்டும்.

காஞ்சியை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் இதனைத் தொடங்கலாம். கோர்வையில் ஓரிழை பிசகினும் கண்டுகொள்ளும் நெசவாளரின் வட்டாரம் அது. கூர்ங்கண் அங்குப் பிறப்போடு வருவது. கால்நடைப் பண்டுவப் பாசறைகளில் சிறந்த கன்றுகட்குப் பரிசளிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. பண்டுவர் முடிவு கூறுமுன், பள்ளி மாணவரும் மாணவியரும் கன்றுகளை வரிசைப்படுத்தித் தூய தமிழிற் கரணியங் கூறட்டும். பின்னர்ப் பண்டுவர் தம் முடிவை விளக்கட்டும். இதற்குத் தனிச் செலவு வேண்டா. ஆசிரியர் மனம் வைத்தாற் போதும். தொழுவத்தை நாளும் பேணுவோர் பெண்டிரே ஆதலின், மாணவியரை ஒதுக்குதல் பெரும் பிழையாம்.

'கலப்பின மாடு பாலை மிகுதியாகத் தரும்போது நாட்டு மாட்டை மதிப்பிடுவது எற்றுக்கு?' என்பார் உளர். மதிப்பிடக் கற்றவனே, பாலுக்கு எது, உழவுக்கு எது, வறட்சி தாங்க எது எனப் பிரித்தறிவான். கல்லாதவன் விற்பவன் சொல்லையே நம்புவான். மாட்டுச் சந்தையில் மட்டுமன்று, அரசியற் சந்தையிலும் அவன் ஏமாறுவான்.

நான்கு கன்றுகளின்முன் நின்று தன் முடிவைத் தன் மொழியில் நிறுவக் கற்ற பிள்ளை, நாளை நாலாயிரவர் முன்னும் நிமிர்ந்து நிற்கும். தமிழாசிரியர்களே, தொழுவத்தையும் வகுப்பறையாக்க முன்வருக!