மாந்தோப்புக்கு மழை வேண்டாத இரண்டு மாதங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் மழை வேண்டாம் என்று சொல்லும் விவசாயியைப் பார்ப்பது அரிது. கரிசல் காட்டில் மானாவாரியாக விதைப்பவர்கள் புரட்டாசி பிறந்ததும் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், மார்கழி பாதிக்கு மேல் ஒரு துளிகூட விழக்கூடாது என்பார்கள். இருவர் சொல்வதும் நியாயம்தான். இந்த வேறுபாட்டை நம் வானிலை அறிவிப்புகளும் நிவாரண விதிகளும் போதிய அளவில் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே பிரச்சினை.

இந்த அடிவாரத்தின் பருவநிலையைத் தீர்மானிப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனி, ஆடியில் அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. இந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 800 மி.மீ. மட்டுமே. மழையை இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, கீழே இறங்க இறங்கச் சூடாகி வறண்டுபோகிறது. அதனால்தான் தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழையைவிட மேல்காற்றே அதிகம். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமே தருகிறது. கண்மாய், கிணறு, பிளவக்கல் அணை எல்லாம் அந்த மழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

அந்த மழை ஓய்ந்த பிறகு வருவதுதான் மாந்தோப்புக்கான காலம். வானம் தெளிந்துவிடும். பகலில் வெயில், இரவில் குளிர். இருட்டியதும் மலைச்சரிவில் குளிரும் காற்று கனமாகி அடிவாரத்தை நோக்கி இறங்கும். மண்ணின் ஈரமும் மெல்லக் குறையும். குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும் இந்த நாட்களில்தான் மாமரம் தழைப்பதை நிறுத்திவிட்டுப் பூக்கத் தயாராகிறது. நன்கு முதிர்ந்த கிளை நுனிகளில்தான் பூங்கொத்து வரும். இந்த நேரத்தில் ஈரம் கிடைத்தால் மரம் பூவை மறந்து புதுத்துளிர் விடுகிறது. துளிர் முதிரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் குளிர் போய்விடும்.

பூத்த பிறகு மழை வந்தாலும் கேடுதான். மகரந்தம் கழுவப்படுகிறது. பூவுக்குப் பூ செல்லும் ஈக்களும் தேனீக்களும் வருவதில்லை. மேகமூட்டமும் பனி ஈரமும் நீடித்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பெருகிப் பூங்கொத்து கருகுகிறது. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்த ஊர்ப் பெயரோடு சந்தைக்குப் போகும் பழங்களின் விளைச்சல், மழை இல்லாத இந்த இரண்டு மாதங்களில்தான் முடிவாகிறது.

அந்த இரண்டு மாதங்கள் இப்போது உறுதியாகக் கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடியும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 2021-ல் ஜனவரி 19 அன்றுதான் பருவமழை விலகியதாக வானிலைத் துறை அறிவித்தது. அந்த ஆண்டு பொங்கல் நாளில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதை யாரும் மறக்கவில்லை. 2025-ல் அந்த அறிவிப்பு வந்தது ஜனவரி 27 அன்று. தை பாதி போய்விட்டது. இன்னொரு பக்கம், 2016-ல் வடகிழக்குப் பருவமே பொய்த்து, தமிழகத்துக்கு வழக்கமான மழையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பெய்தால் ஓயாது, ஓய்ந்தால் பெய்யாது என்ற இந்த நிலை ஆண்டுப் பயிரைவிட மரப்பயிரை அதிகம் சோதிக்கிறது. பருத்தி போட்டவர் அடுத்த ஆண்டு விதைப்பு நாளை மாற்றலாம். முப்பது ஆண்டு வயதான மாமரத்தை எங்கே மாற்றுவது?

இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாத நட்டமும்கூட. நெல் தண்ணீரில் மூழ்கினால் அதிகாரி வந்து வயலைப் பார்க்க முடியும். பூக்காமல் போன மரத்தில் எதைப் பார்த்துக் கணக்கெடுப்பது? மரம் பசுமையாகத்தான் நிற்கும். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் இருந்தால் இடுபொருள் நிவாரணம் என்பது விதி. வெள்ளம், வறட்சி, புயல், ஆலங்கட்டி மழை எல்லாம் மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கின்றன. பருவம் தவறிய மழை அதில் இல்லை. பூவைப் பார்த்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் உள்ள இடத்தில், பூ குறைந்தால் பேரமும் குறையும். அந்தச் சுமை முழுவதும் சிறு தோப்புக்காரர் தலையில்தான் விழுகிறது.

எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, மலையடிவாரத்துக்கென்று தனியான வானிலை அறிவுரை. அருப்புக்கோட்டைக் கரிசலுக்கும் ராஜபாளையம் தோப்புக்கும் ஒரே மாவட்ட அறிக்கை பொருந்தாது. வட்டார அளவில் அறிவுரை வழங்கவென்று நாடு முழுவதும் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் தொடங்கப்பட்டன. 2024-ல் அவற்றை மத்திய அரசு மூடியது. அவற்றை மீண்டும் திறக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடிவாரத் தோப்புகளுக்கான அறிவுரையை அங்கிருந்தே வழங்க ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது, மாம்பூக் காலத்தில் பெய்யும் மழையை இழப்பாக ஏற்கும் காப்பீடு. டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை இத்தனை நாள், இத்தனை மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் இழப்பீடு தரலாம். மரத்தை எண்ணிப் பார்க்கும் தொல்லை இதில் இல்லை. அடிவாரக் கிராமங்களில் மழைமானி இருந்தால் போதும். மூன்றாவது, பருவம் தவறிய மழையைப் பேரிடர் பட்டியலில் சேர்க்க மாநில அரசு மத்திய அரசிடம் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

அதுவரை தோப்புக்காரர்கள் தங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம். பூக்கும் முன் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகே தொடங்குங்கள். மழைநீர் தோப்பில் தேங்காமல் வடிகால் வெட்டி வையுங்கள். பிப்ரவரி வந்தும் பூக்காத மரங்களுக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்கலாம். சாம்பல் நோய் தலைகாட்டினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பூ விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லி தெளித்துத் தேனீக்களை விரட்டிவிடாதீர்கள். எந்த நாளில் மழை, எந்த நாளில் பூ என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காப்பீடு கேட்டுப் போகும் நாளில் அந்த நோட்டு பேசும்.

மழையை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் கரிசலுக்கு வரமாக இருக்கும் ஒரு மழை, இருபது மைல் மேற்கே நட்டமாக முடியலாம் என்பதை அரசு ஒப்புக்கொள்ள முடியும். நிவாரணம் அந்த ஒப்புதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.